கடலில் கேட்ட சைக்கிள் மணி

ஒடிசலான டிராயிங் வாத்தியார், நாசரேத்துக்காரர். ஆளில்லாத இடத்திலும் சைக்கிள் மணி அடிப்பார். எழுபதுகளில், ஐரோப்பாவைத் தன் சைக்கிளிலேயே சுற்றிவரக் கிளம்பித் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்தார். கப்பலுக்குப் போகும் தோணியில் ஏற்றுவதற்குள் உப்பு மூட்டை சரிந்து சைக்கிளின் முன்சக்கரம் நெளிந்துவிட்டது.

சுங்க அதிகாரியான நான் விதியைச் சொன்னேன். "சேதமான சரக்கை ஆய்வு முடியாம ஏத்த முடியாது, வாத்தியாரே. கப்பல் சாயங்காலம் போயிரும். சைக்கிளை விட்டுட்டுப் போங்க."

"மிதிச்சா ஓடும்லா? அப்ப இது சரக்கு இல்ல சார், வண்டி!"

சொன்னவர் ஏறி மிதித்தார். மணியடித்தபடி, கோணல்மாணலாகத் தோணிக்குப் போட்டிருந்த பலகைமேல் ஏறினார்.

"ஏலே, வழி விடுங்கல! வாத்தியார் சீமைக்குப் போறாரு!" என்று கூவினார் ஒரு சுமைதூக்கி.

தோணி நகர்ந்த பிறகும் வாத்தியார் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. மணிச் சத்தம் வெகுதூரம் கேட்டது.

சரக்கு விதிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவரைத் தடுக்கும் விதியை மட்டும் ஓய்வுபெற்ற பிறகும் தேடிக்கொண்டிருக்கிறேன்.