கடுகளவு அபின்

நர்ஸ் அம்மாள் இரண்டாம் தரம் கேட்காமல் போயிருந்தால் நான் வாய் திறந்திருப்பேனா? மூன்று வருஷமாக இதையே என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. தொடையில் பெரிய கட்டி. குளோரோபாரம் என்ற மயக்க மருந்து கொடுத்துத்தான் கீற வேண்டும், அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறந்துவிடுவேனோ என்று அதை எழுதியே வைத்திருந்தேன்.

அன்னூரிலிருந்து கிளம்பும்போது குழந்தை வலியில் துடித்தான். என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி, அபின் டப்பியை எடுத்து வந்தாள்.

"பயப்படாமக் குடு கண்ணு. என்ற மூணு கொழந்தைகளும் இதுலதான் வளந்துச்சு."

எங்கள் பக்கத்தில் தாய்ப்பாலில் இழைத்துப் புகட்டுவார்கள். பால் கூடாதே என்று நான் கடுகளவு எடுத்து, விரலால் வெறும் நாக்கில் தடவினேன். டாக்டர் சொன்னதை மீறவில்லை என்று திருப்திகூடப் பட்டுக்கொண்டேன். பஸ்ஸில் அவன் தூங்கிப்போனான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மாள் ஏதாவது சாப்பிடக் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மயக்க மருந்தின் வாடை வந்த பிறகுதான் அபினைச் சொல்ல வேண்டுமோ என்று தோன்றியது. சொன்னால் வெளியே நிற்கும் என் கணவர் காதில் விழும், ஓரகத்தியின் பெயர் கெடும். குழந்தையை மேஜைமேல் கிடத்தினேன்.

டாக்டர் கட்டியைத் தொட்டும் குழந்தை முனகவில்லை. நர்ஸ் அம்மாள் அவன் இமையை விலக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, திங்கறதுக்குக் குடுக்கலை, சரி. தூங்கறதுக்கு என்ன குடுத்தீங்க? வையறதுக்குக் கேக்கலீங்க. மூக்குல மருந்து வெக்கறதுக்கு முன்னால எனக்குத் தெரியோணும்."

சொல்லிவிட்டேன். டாக்டர் மருந்துச் சீசாவை மூடிவிட்டார். அபின்மேல் குளோரோபாரமும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம் என்று மட்டும் சொன்னார். சாயங்காலம்வரை நர்ஸ் அம்மாள் அவன் மார்பில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அபின் தெளிந்ததும் அவன் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது இன்றும் உறுத்துகிறது. மறுநாள் கட்டியைக் கீறினார்கள், பிழைத்தான்.

ஒரு நாள் தள்ளிப்போனதற்கு, டாக்டருக்கு அன்று நேரமில்லை என்று கணவரிடமும் வீட்டிலும் சொல்லிவைத்தேன். இப்போது ஓரகத்திக்கு நான்காவது குழந்தை, மூன்று மாதம். அழும்போதெல்லாம் அதே வைத்தியம்தான். தடுக்க வேண்டுமானால் நான் செய்ததையும் மறைத்ததையும் சொல்லியாக வேண்டும். அவளோ அன்று எனக்குப் பிரியத்தோடு கொடுத்தவள். அவள் மனம் நோகாமல் இதை எப்படி ஆரம்பிப்பது? கூட்டுக் குடும்பத்தில் வாழும் சகோதரிகள் யாராவது வழி சொல்லுங்கள். அந்தக் குழந்தை அதிக நேரம் தூங்கினால் எனக்குப் பயமாயிருக்கிறது.