ஜாக்கெட் கையில் சிக்குக் கோலம்

பாண்டிச்செல்வி வீட்டு முன்னறையில் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது லேசர் மெஷின் இருக்கிறது. கட்டில் போனதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. வருத்தமெல்லாம் அவள் புருஷன் சோலைமுத்துவுக்குத்தான். லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு மத்தியானம் வருகிறவர், பாயை விரித்து மெஷினுக்குக் காலை நீட்டிப் படுப்பார்.

அவள் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் பதினாறு வருஷம் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்கியவள். போதும் இந்த நெருப்புச் சங்காத்தம் என்று நின்றவள், துணியைச் சுட்டு வெட்டுகிற மெஷினை வாங்கி வைத்தாள். அவளைக் கெட்டிக்காரி என்று சொல்ல வரவில்லை. பிடிவாதக்காரி, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் அந்தக் கோட்டிலேயே ஒளி ஓடித் துணியை வெட்டும். பருத்தி என்றால் ஓரம் தீய்ந்து பழுப்பாகிவிடும். சாட்டின் என்றால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. பாதியை வீடியோ பார்த்துக் கற்றாள், பாதியைத் துணியைப் பாழாக்கிக் கற்றாள்.

முதல் நாள் ஜன்னல் வழியே புகை போனதும் தெருவே வாளியோடு வந்து நின்றது. தீப்பெட்டி ஊர் அல்லவா, தீய்ந்த வாடை வந்தால் யாரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள். இப்போது அதே வாடைக்கு, "செல்வி பூ வெட்டுதா" என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஆறு மாதமாக வந்ததெல்லாம் தலையணை உறையும் தாவணி ஓரமும்தான். மெஷினை விற்றுவிட சோலைமுத்து திருநெல்வேலியில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். சனிக்கிழமை வந்து மெஷினைப் பார்ப்பதாகப் பேச்சு.

"ஒரு கல்யாண வேலையாவது இந்த வீட்ட விட்டு வெளிய போயிருக்கா? வெள்ளிக்கெழமைக்குள்ள ஒண்ணு போகட்டும், மெஷின் இருக்கட்டும். போகலன்னா ஏத்தி விட்டுருவேன்."

"ஏத்துங்க. என்னையும் சேத்து ஏத்துங்க. எறக்குகூலி மிச்சம்."

அந்தத் திங்கட்கிழமைதான் எப்போதும்வென்றானில் இருந்து பெருமாயி வந்தாள். பாண்டிச்செல்வி பிறந்த ஊர்க்காரி. அவள் மகள் சத்யபிரியாவுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். பையில் இருந்து ஜாக்கெட்டுக்கான அரக்கு நிறச் சாட்டினை எடுத்து விரித்தாள்.

"ஏட்டி செல்வி, எம்மவ மெட்ராஸ்ல தேடி வாங்குனது. இன்னொரு பீசு கெடையாது. நம்மூர்ல மார்கழிக்கு நீ போடுவேல்லா, அந்தச் சிக்குக் கோலம் ரெண்டு கைலயும் வேணும். வெள்ளிக்கெழம வருவேன். பிடிக்கலன்னா வேற எடம் பாத்துக்கிடுவேன், சடைக்கக் கூடாது."

"பிடிக்காம எங்க போகும் மதினி."

அன்று மாலையே முற்றத்தில் கோலத்தைப் போட்டுப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். முதலில் கிழிசல் துணியில் வெட்டிப் பார்த்தாள். மூடியைத் திறந்து துணியைத் தூக்கினால் துணி வந்தது, கோலம் வரவில்லை. சிக்குக் கோலத்துக் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முட்டுகிற கோடு. ஒளி அந்தக் கோட்டிலேயே ஓடியதால் உள்ளே இருந்ததெல்லாம் துண்டு துண்டாகத் தட்டில் உதிர்ந்துவிட்டது. கையில் மிஞ்சியது ஒரு பெரிய ஓட்டை.

மெஷின் விற்ற மந்திரமூர்த்திக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கோட்ட முழுசா மூடாதீங்க. அங்கங்க ரெண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க, துணி பிடிச்சுக்கிடும்."

"கோட்ட முட்டாம விடச் சொல்லுதீங்களா தம்பி?"

"அத யாருக்கா பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்லா."

போனை வைத்துவிட்டாள். நல்ல காரியம் நடக்கிற வீட்டு வாசலில் கோடு முட்டாத கோலத்தை யாரும் போடுவதில்லை. அதைப் பெண்ணின் கையிலேயே மாட்டிவிடுவதா? பேசாமல் பூ வெட்டிக் கொடு என்று சோலைமுத்து சொல்லிப் பார்த்தார். அவள் காதில் ஏறவில்லை. செவ்வாய் போனது, புதனும் போனது. கிழிசல் துணி தீர்ந்து சோலைமுத்துவின் பழைய வேட்டிக்கு வந்து நின்றது.

வியாழக்கிழமை காலையில் ஜன்னல் கம்பியில் படிந்த புகைக்கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வளைவு வளைவாகப் போட்ட கம்பி. அதன் ஒரு சந்து வழியாகத்தான் புகைக்குழாய் வெளியே போகிறது. ஒவ்வொரு சந்தாகத் துணியை விட்டுத் துடைத்தவள் பாதியில் நிறுத்தினாள். எத்தனை ஓட்டை இருந்தும் கம்பி எங்கும் அறவில்லை.

துடைத்த துணியைப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தாள். கோலக்கோட்டைச் சுண்டுவிரல் அகலத்துக்குத் தடியாக்கினாள். கோட்டை வெட்டவே கூடாது. கோட்டுக்கு இடையில் இருக்கிற வெற்றிடத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். வேட்டியில் கோலம் அறாமல் வந்தது. மெஷினைக் குளிர்விக்கிற வாளித் தண்ணீர் கோவில்பட்டி வெயிலில் சீக்கிரம் சுட்டுவிடும். அதில் ஐஸைப் போட்டுவிட்டு, பெருமாயியின் சாட்டினில் ஒரு கையை மட்டும் வெட்டினாள்.

வெள்ளிக்கிழமை பெருமாயி வந்து அந்தக் கையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனாள். தொடங்கிய இடத்துக்கே விரல் வந்து சேர்ந்தது.

"அறலையே." பிறகு இன்னொரு தடவை பார்த்தாள். "புள்ளி எங்கட்டி?"

நாலு நாளாகக் கோடு கோடு என்று கிடந்த பாண்டிச்செல்வி புள்ளியை மறந்தே போனாள். வெட்டிய துண்டுகளோடு புள்ளி இருக்க வேண்டிய இடமும் தட்டில் உதிர்ந்து கிடந்தது.

"புள்ளி இல்லாத கோலத்த எங்கன கண்ட நீ? மிச்சத் துணியக் குடு, நான் கெளம்புதேன்."

"இருங்க மதினி."

உள்ளே வைத்துத் தைக்கிற சந்தன நிற லைனிங்கை எடுத்து விரித்தாள். வெட்டின கையை அதன்மேல் பரப்பி, ஒவ்வொரு சந்துக்குள்ளும் சாக்குக்கட்டியால் ஒரு பொட்டு வைத்தாள். கையை எடுத்துவிட்டால் லைனிங்கில் வெறும் புள்ளி வரிசை.

"மொதல்ல புள்ளி. பெறகுதான கோடு. நாந்தான் மாத்திச் செஞ்சிட்டேன்."

பெருமாயி பையைக் கீழே வைத்தாள். புள்ளிக்கு ஒரு முத்துமணியாகத் தைக்க உட்கார்ந்தார்கள். "ஊசியக் கோத்துக் குடுட்டி, எனக்குக் கண்ணு தெரியாது. வாய் மட்டுந்தான் தெரியும்" என்றாள் பெருமாயி. தைத்து முடித்து மேலே கோலத்தைப் பரப்பியபோது சந்துக்கு ஒன்றாக மணி வந்து நின்றது. பெருமாயி நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை.

"மத்த கையையும் வெட்டு. நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

சனிக்கிழமை திருநெல்வேலி ஆள் செண்பகராஜ் வந்தபோது மெஷின் மற்ற கையை வெட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் புகைக்குழாய் கழன்று, வெள்ளிக்கிழமைக் கெடு வைத்த சோலைமுத்துவின் கையில் இருந்தது.

"வாங்க அண்ணாச்சி. இத செத்த பிடிச்சுக்கிடுங்க. தண்ணி சுட்டுப்போச்சு, ஐஸ் வாங்கிட்டு வந்துருதேன்" என்று குழாயை அவர் கையில் கொடுத்துவிட்டு சோலைமுத்து வெளியே ஓடினார்.

வந்தவர் குழாயைப் பிடித்துக்கொண்டு மெஷினை எட்டிப் பார்த்தார்.

"விக்கிற மெஷின் இதுதானாம்மா?"

"அவிய வரட்டும், கேளுங்க" என்றாள் பாண்டிச்செல்வி, துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "குழாய ஆட்டாதீங்க."