எனக்காகச் சொன்ன நல்மரணச் செபம்

போர் முடிந்து ஐந்தாவது வருடம், தவக்காலத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மன்னார் நகரில் இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் பேசாலைக்குப் பஸ் ஏறினேன். வெள்ளணுக்கள் பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டுமாம். எனக்குப் பதினாறாயிரத்துக்கு மேல். மருத்துவரைப் பார்க்க வெள்ளி வரை பொறுக்க வேண்டும்.

அன்று பின்னேரமே என் மச்சாள், கணவரின் தமக்கை, தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "ஐயோ பிள்ளை, இது இரத்தப் புற்றுநோய்தான்!"

புதன்கிழமை ஊருக்கே தெரிந்துவிட்டது. வியாழன் மாலை பத்துப் பன்னிரண்டு பேர் வந்து எங்கள் வீட்டில் முழந்தாளிட்டார்கள். நான் கதிரையில் இருந்தேன். செபமாலை முடிந்ததும் மச்சாள் நல்மரணத்துக்கான செபத்தைத் தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன்.

"மச்சாள், நிப்பாட்டுங்கோ. நான் இன்னும் சாகேல்லை."

"கோவிக்காத பிள்ளை, நல்லதுக்குத்தானே சொல்லுறம்."

"அப்ப சுகத்துக்குச் சொல்லுங்கோ. இல்லாட்டித் தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்கோ. விடிய எனக்குக் கருவாட்டு வேலை கிடக்கு."

"சாகிறவள் இப்பிடிக் கத்தமாட்டாள்" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. மச்சாளைத் தவிர எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

வெள்ளியன்று மருத்துவர், "ஏதும் மருந்து எடுக்கிறனீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"ஒரு குளிசையும் போடேல்லையோ? வடிவா யோசியுங்கோ."

நாள்தோறும் குறிப்பெழுதுவது என் பழக்கம். பையிலிருந்த கொப்பியைப் புரட்டினேன். சோதனைக்கு இரத்தம் கொடுப்பதற்கு முந்திய ஐந்து நாளும் ஒரே குறிப்பு: கருவாட்டுத் தூசியால் மூச்சிழுப்பு, மச்சாள் தன் இழுப்புக் குளிசையில் ஒன்று தந்தார். எங்கள் பக்கத்தில் உப்பு, மிளகாய் போலக் குளிசையும் வேலிக்கு மேலால் கைமாறும். அதை மருந்தென்று யாரும் எண்ணுவதில்லை. எல்லாம் தெரிந்தவள் என்றிருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இது ஸ்டீரொயிட். வெள்ளணுவைக் கூட்டும். ஆனா அதுதான் காரணமெண்டு இப்பவே சொல்லமாட்டன். அணுக்களின்ர வடிவத்தையும் பாப்பம், ரெண்டு கிழமையால திரும்ப இரத்தம் எடுப்பம். மற்றவையின்ர குளிசை இனி வேண்டாம்."

அந்தப் பதினான்கு நாளில் ஒருநாள்கூட நான் நோயாளியாய்ப் படுக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மீன் வெட்டும் கத்தியைக் கொடுத்து இருத்தினேன். இரண்டாம் முடிவில் எண்ணிக்கை வரம்புக்குள் வந்திருந்தது, அணுக்களிலும் குறையில்லை.

"செபம் கேட்டிருக்கு" என்றார் மச்சாள்.

"எந்தச் செபம் மச்சாள்?" என்றேன்.

ஒரு தாளில் கூடியோ குறைந்தோ நிற்கும் எண்ணுக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். அதைக் கேட்டறியும் முன் எனக்காக யாரும் முழந்தாளிட நான் இன்றுவரை விடவில்லை.