கெட்டிலில் வெந்த கிழங்கு

ஹாஸ்டல் அறையில் சமைப்பதற்கு முதல் விதி, சமைத்த தடம் தெரியக் கூடாது என்பது. தங்கைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

கல்லூரிக் காலத்தில் நானும் ஹாஸ்டலில் இருந்தவள். ஒரு கெட்டிலை வைத்துக்கொண்டு மூன்று வருடத்தை ஓட்டினேன். அம்மா போன பிறகு அப்பா, வேலைக்காகத் திருப்பூரில் இருக்கும் அண்ணனோடு போய்விட்டார். தங்கைக்கு ஊரில் வீடு என்றால் கொட்டாரத்தில் நான் வாழ வந்த இந்த வீடுதான். நாகர்கோவிலில் அவளைக் கல்லூரியில் சேர்த்தபோது ஹாஸ்டல் விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும் நான். வார்டன் விதிகளை வாசித்துக்கொண்டிருந்தார். அறையில் மின்சாரச் சாமான் எதுவும் கூடாது, பிடிபட்டால் அன்றைக்கே வெளியே. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கோட்டாற்றில் வாங்கிய புதுக் கெட்டில், தலை துவட்டும் இரண்டு துவர்த்துகளில் சுற்றி, என் காலடியில் இருந்த பிளாஸ்டிக் வாளிக்குள் இருந்தது.

அது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அங்கே மெஸ் சாப்பாட்டைப் பார்த்திருந்தேன். பிள்ளை ஏற்கெனவே ஒல்லி. என் சின்ன மகளைப் பார்ப்பதுபோலவே அவளையும் பார்த்து, கன்னம் வற்றியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா என்று கணக்கெடுத்துக்கொண்டே இருப்பேன்.

போனில்தான் பாடம் நடக்கும். முட்டையைக் கழுவி, முங்குகிற அளவு தண்ணீர் விட்டு, மூடி போட்டு சுவிட்சைத் தட்டு. அது தானாக அணைந்த பிறகும் திறக்காதே, சூட்டிலேயே வெந்துவிடும். பிளாஸ்கில் ஒரு பிடி நொறுக்கரிசியைப் போட்டு, காலையில் கொதிநீரை ஊற்றி இறுக்கி வைத்துவிட்டு வகுப்புக்குப் போ; மத்தியானம் கஞ்சி தயார். தொட்டுக்கொள்ள, கொள்ளு வறுத்து நான் அரைத்துக் கொடுத்துவிடும் காணத் துவையல். அவலை நனைத்து, கருப்பட்டி சீவிப் போட்டு, ஒரு பாளையங்கோட்டன் பழத்தைப் பிசைந்தால் ராத்திரிச் சாப்பாடு. கருவாடு மட்டும் வேண்டவே வேண்டாம், வாசனை மாடிப்படி வரை போகும்.

இதற்கெல்லாம் மேலே இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்க விட்டால் கெட்டில் அணையாது, பொங்கி வழியும். ஆகவே மூடியே இருக்கட்டும். வெந்த தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றாதே, காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து காட்டிக்கொடுக்கும். குடித்துவிடு, சத்தும் கூட.

இதில் எந்தத் தவறும் எனக்கு அன்று தெரியவில்லை. முட்டைக்கும் கஞ்சிக்கும் அவல் நனைக்கவும் இதில் எந்தத் தவறும் இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை வந்திருந்த தங்கை மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பையின் அடி புடைத்திருந்தது.

"என்னட்டி அது?"

"கிழங்குக்கா. விளையில பிடுங்கினேன். ரூம்ல ரெண்டு பேரும் கேட்டாளுவ. ஒருத்தி மதுரைக்காரி, இன்னொருத்தி சேலம். நம்ம ஊரு மாதிரி காந்தாரி தொட்டு மரச்சீனிய வாயில வச்சதே இல்லியாம்."

எங்கள் ஊர் மரவள்ளிக்கு ஆள் கேட்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே ஓடிப்போய் ஒரு பிடி காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் பொதிந்து கொடுத்தேன். "உப்பு வச்சிருக்கியா?" என்று கேட்டேன். எந்த இடத்தில் பிடுங்கினாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

பொழுது சாயும்போது மாமா, என் வீட்டுக்காரரின் அப்பா, வயலிலிருந்து வந்தார். வீட்டுக்குப் பின்னால், கிழங்கு நிற்கும் விளைக்குப் போனவர் அங்கேயே நின்று சத்தம் கொடுத்தார்.

"ஓரத்து மூட்டுக் கிழங்க யாரு பிடுங்கினது?"

வேலியை ஒட்டி ஒரே ஒரு வரிசை கிழங்கு வேறு வகை. மேற்கே மலைப்பக்கம் இருந்து கம்பு கொண்டுவந்து நட்டது. கசக்கும் கிழங்கு, எலி வாய் வைக்காது. அந்த வரிசை காவல் நின்றால் உள்ளே இருக்கும் நல்ல கிழங்கு தப்பிக்கும் என்பது மாமாவின் கணக்கு. போன வருடம் அந்தக் கிழங்கைச் சீவிய தோலை வேலிக்கு வெளியே போட்டுவிட்டோம். பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. அது காலை உதைத்துக்கொண்டு கிடந்ததை நான் மகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த வரிசையை நாங்கள் சீவி, அவித்து, வடித்து, வெயிலில் உணக்கி வைப்பதோடு சரி.

போய்ப் பார்த்தேன். மழைத்தண்ணீர் நின்று ஓரத்து மண் இளகிக் கிடந்தது. நல்ல கிழங்கு நிற்கும் இடம் கட்டி தட்டிப்போயிருந்தது. அவளுக்கு எது சுலபமோ அதைப் பிடுங்கியிருக்கிறாள். குழியில் அறுந்த வேர் வெள்ளையாகத் தெரிந்தது.

"பிள்ளதான் கொண்டு போயிருக்கா, ஹாஸ்டலுக்கு," என்றேன்.

அத்தை கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே சொன்னாள்: "அதுக்கு எதுக்கு மூஞ்சி இப்பிடிப் போவுது? ரெண்டு வாட்டி வடிச்சுத் தின்னா ஒண்ணும் ஆவாது. நாம தின்னலியா?"

"வடிக்கலேன்னா அத்தை?"

அத்தை சிரித்தாள். "நல்ல கதை. வடிக்காம எவளாவது கிழங்கு அவிப்பாளா?"

மாமா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் கிழங்கு அவிப்பது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத வேலை. பெரிய பானை, நிறையத் தண்ணீர், மூடி கிடையாது. கொதித்ததும் கொட்டு, மறுபடி தண்ணீர், உப்பு, மறுபடி கொட்டு. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. தங்கை இதைப் பார்த்திருப்பாள், ஆனால் செய்ததில்லை. அவள் செய்து பழகியது எல்லாம் கெட்டிலில். மூடியைத் திறக்காதே, தண்ணீரைக் கொட்டாதே. ஆவியோடும் தண்ணீரோடும் போகவேண்டிய விஷம் அப்படியே உள்ளே நிற்கும்.

போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலப் படிப்பு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளின் போனும் வார்டன் அறைக் கூடையில் கிடக்கும். ஞாயிறு ராத்திரி மெஸ் கிடையாது. படிப்பு முடிந்ததும் அறைக்குப் போய் இருப்பதைத் தின்பார்கள். படிக்கப் போகும் முன் நாலைந்து தடவை சுவிட்சைத் தட்டிவிட்டுப் போ, திரும்பி வரும்போது தானே வெந்திருக்கும் என்று சொன்னதும் நான்தான். அப்படியானால் இப்போது அந்த அறையில், கட்டிலுக்கடியில், மூடிய கெட்டிலுக்குள், அந்தத் தண்ணீரிலேயே அது ஊறிக்கொண்டிருக்கிறது. மணி அடித்ததும் மூன்று பேர் பசியோடு வந்து திறப்பார்கள்.

வார்டன் எண் என்னிடம் இருந்தது. எடுத்தேன், வைத்தேன். போன வருடம் இரண்டு பிள்ளைகள் அறையில் இண்டக்ஷன் அடுப்பு வைத்திருந்ததற்காக அவர்கள் பெட்டியை அன்றைக்கே வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். தங்கைக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நேரே போய்விட்டால் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மகள் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாசல்வரை வந்த மாமா ஒன்றே ஒன்று சொன்னார்: "தல சுத்துது, தூங்குதேன்னு சொன்னாளுவன்னா படுக்க விடாத மக்கா. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு."

பஸ்ஸில் பக்கத்தில் காலி மீன் பாத்திரத்தோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். மகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு சொகமில்லியா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கா."

"அப்பம் நீ எதுக்கு இப்பிடி வேக்குத? ஜன்னலப் பக்கம் வா. இங்க வாந்தி எடுத்தியன்னா கண்டக்டர் என்னையத்தான் ஏசுவான், மீன் நாத்தம்னு."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சுசீந்திரம் தாண்டியது. ஒருவேளை அவள் கிழங்கை நாளைக்கு வைத்திருப்பாள். ஒருவேளை மதுரைக்காரிப் பிள்ளை தண்ணீரை வடித்திருப்பாள், அரிசி வடிப்பதுபோல. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தேன். கோட்டாற்றுக்குள் நுழைந்ததும் பஸ் நின்றது. முன்னால் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் மேல் ஹாரன். எதுவும் நகரவில்லை. மகள் என் தோளில் தூங்கி, வாய் திறந்து, முழு எடையோடு தொங்கினாள். அந்தக் கனம் எனக்கு ஆட்டை நினைவுபடுத்தியது. அதற்குப் பிறகு என்னால் நினைக்க முடியவில்லை. வார்டனைக் கூப்பிட்டேன்.

"மேடம், என் தங்கச்சி ரூம்ல கட்டிலுக்கடியில ஒரு கெட்டில் இருக்கு."

"என்னது?"

"கெட்டில். அதுல கிழங்கு இருக்கு. அத யாரும் தின்னக் கூடாது, மேடம். அது விஷக் கிழங்கு. வடிக்காம அவிச்சிருப்பாளுவ."

"கெட்டில் யாரு குடுத்தது?"

"நான்தான். அத அப்புறம் கேளுங்க மேடம், இப்ப ரூமுக்குப் போங்க, தயவு பண்ணிப் போங்க."

பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன்கார அம்மா எழுந்து, "ஏலே, கதவத் தெற, இவ நடந்து போட்டும்," என்று கண்டக்டரிடம் கத்தினாள்.

நெரிசலைத் தாண்டும்வரை நடந்து, பிறகு ஆட்டோ பிடித்து ஹாஸ்டல் கேட்டுக்குள் நுழைந்தபோதுதான் படிப்பு முடிந்த மணி அடித்தது. வார்டன் மேசைமேல் கெட்டில் இருந்தது. மூடி திறந்திருந்தது. துண்டுகள் உப்பி, வெடித்து, மாவாக, பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தன. தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது. தங்கை சுவரோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. மதுரைப் பிள்ளை நாற்காலியில் குனிந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேனா எடுக்க இடையில் அறைக்குப் போனவள், வாசனை தாங்காமல் மூன்று துண்டு தின்றிருக்கிறாள்.

"தல சுத்துதுக்கா," என்றாள் என்னிடம். எனக்கு அவளைத் தெரியாது. ஆனாலும் அக்கா என்றாள்.

ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள். வாந்தி எடுத்தாள், பிறகு தெளிந்துவிட்டாள். கிழங்காலும் இருக்கலாம், பயந்தாலும் இப்படி வரலாம், தின்றது கொஞ்சம் என்பதால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் சொன்ன அந்த "சொல்ல முடியாது" என்னை இன்னும் விடவில்லை.

கெட்டில் தங்கையுடையது என்பதால் ஹாஸ்டலை விட்டுப் போனது அவள் மட்டும். மற்ற இருவருக்கும் எச்சரிக்கை. பெட்டியையும் வாளியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வரும்போது ஒரே ஒரு தடவை பேசினாள்.

"மணி அடிக்கதுக்குள்ள நீ வந்துட்டல்லா. நேரா வந்து என்னையக் கூப்பிட்டிருக்கலாமே. ஒரு வார்த்த சொன்னா கொட்டியிருப்பேன்."

"அந்தப் பிள்ள முன்னாலயே தின்னுட்டாளே, மக்கா."

"அது உனக்கு அப்பம் தெரியுமா?"

தெரியாது. அவள் சொல்வது சரிதான். நான் சொல்வதும் சரிதான். மிச்சக் கிழங்கைப் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். கசக்கிறதா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்கத் தூங்காத வாய் அது. எதை வைத்தாலும் கசந்திருக்கும். கோழி கிண்டாத ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்தேன்.

இப்போது தங்கை இங்கிருந்துதான் தினமும் போய்வருகிறாள். பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கிறாள். இன்னும் ஒல்லியாகிவிட்டாள். ஓரத்து வரிசையைப் பிடுங்கிவிடச் சொன்னேன். "பிடுங்கினா எலி உள்ள வந்திருமே," என்றார் மாமா. மழைக்குப் பிறகு அது மற்றக் கிழங்கைவிட உயரமாக வளர்ந்து நிற்கிறது. வேலிப்பக்கம் மகள் நடந்தாலே நான் எழுந்துவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் தங்கை அடுக்களையில் இருந்தாள். அவளுடைய போன் என் பக்கத்தில் கிடந்தது. ஹாஸ்டலில் இன்னும் இருக்கும் சேலத்துப் பிள்ளை குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நான் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன்.

"ஏய், புதுக் கெட்டில் வாங்கிட்டோம். வாளிக்குள்ளதான் வச்சிருக்கோம், உங்க அக்கா சொன்னாங்களே, அதே மாதிரி. தண்ணியும் கொட்டுறதில்ல. முட்டை சூப்பரா வருது. வேற என்னல்லாம் செய்யலாம்னு அக்காகிட்ட கேட்டுச் சொல்லு."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். கெட்டில் தானாக அணையும் அந்த 'டக்' சத்தமும் கேட்டது.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அடுப்பில் கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த நல்ல வரிசைக் கிழங்கு. மாமா தன் கையால் பிடுங்கியது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் கண் பானை வாய்க்குத்தான் போனது.

தங்கை திரும்பாமலே சொன்னாள்.

"திறந்துதான் இருக்கு, அக்கா."