வயலின் வைத்த காட்சி

இன்று பெரிய இயக்குநர் என்று கொண்டாடப்படுகிறவரின் முதல் படத்தை நான் கண்டக்குழி அகதி முகாமில்தான் பார்த்தேன். அது யுத்தகாலம். வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களைப் பற்றி அங்கேயே எடுத்த படம். மஃரிப் தொழுகைக்குப் பிறகு, ஓலைக் கொட்டில்களுக்கு நடுவே வெள்ளைச் சீலை கட்டி, படத்தில் வந்தவர்களுக்கே போட்டுக் காட்டினார். நான் முகாம் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் மெலிந்த ஒரு பெண் இருந்தார். முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் எதையும் பார்ப்பார். மன்னாரில் அவருடைய மகனைத் துவக்கும் தோட்டாவுமாக வந்தவர்கள் கூட்டிப்போயிருந்தார்கள். அவனைப் பற்றி அறிந்தவர் யாராவது பார்க்கட்டும் என்றுதான் கெமராவுக்கு முன்னால் ஒரு காலை முழுவதும் கதைத்திருந்தார்.

திரையில் அவர் முகம் வந்தது. உதடுகள் அசைந்தன. வயலின் மட்டும் கேட்டது.

படம் முடிந்ததும் எழுந்து இயக்குநரிடம் போனார்.

"தம்பி, நான் சொன்ன கதை எங்க?"

"உங்கட முகமே எல்லாத்தையும் சொல்லுது அம்மா."

"என்ட மகன்ட பேரையும் சொல்லுதா?"

"அடுத்த படத்தில..." என்று இயக்குநர் இழுத்தார்.

"அது வாற வரைக்கும் அவன் உசிரோட இருப்பானா?" என்றுவிட்டு அந்தப் பெண் தன் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்தப் படம் வெளிநாட்டில் பரிசு வாங்கியது. அதன் பிறகு இயக்குநர் எடுத்த படங்களில் எளிய மனிதர்கள் தங்கள் கதையை முழுவதுமாகச் சொல்கிறார்கள். அதுதான் அவருடைய சிறப்பு என்று எழுதுகிறார்கள். அதை அவர் அந்தப் பெண்ணிடம்தான் கற்றுக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன். முதல் படத்தைப் பற்றிக் கேட்டால், "அது கத்துக்குட்டி வேலை" என்று சிரிக்கிறார். நான் முகாமைவிட்டு வரும்வரை அந்த மகனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.