பினாங்குக்கு இரண்டு நோயாளிகள்

மலேசியா போகப் போகிறேன் என்று சொன்னதும் என் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பத்துமலைக்கா?" என்பதுதான். இல்லை, பினாங்குக்கு, கடல் பார்க்க, சும்மா ஊர் சுற்ற என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். முருகன் பேரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து கையில் கொடுத்திருப்பார்கள். சீக்காளி சாமி கும்பிடப் போகலாம், சந்தோஷமாக இருக்கப் போகக் கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

"இருக்கிற நெலமைல ஒனக்கு இது தேவையா?" என்றார் அண்ணன்.

"நெலம சரியானதும் போய்க்கிறேன்னு சொன்னா நீங்க நம்புவீகளா?"

அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, இடது கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் பழநி ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன். கணவர் இருந்தவரை இரண்டு பேரும், அவர் போன பிறகு நான் மட்டும். சவூதிக்கும் மலேசியாவுக்கும் வண்டி ஓட்டப் போன எத்தனையோ பேருக்குக் கிளட்ச்சில் கால் வைக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். வேடசந்தூர் மில் பஸ்களுக்கு நடுவே அவர்களை ஓட்ட வைத்து, பக்கத்தில் என் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருப்பேன். அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். அங்கிருந்து போட்டோ அனுப்பினார்கள். நான் வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் வரைதான் போயிருக்கிறேன்.

உடம்பு கெட்ட பிறகு பார்க்க வந்தவர்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கை நிறையச் சாத்துக்குடியும் இளநீரும் வாங்கி வருவார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அவற்றில் இருக்கும் பொட்டாசியம் விஷம், இதயத்தை நிறுத்திவிடும் என்று சொன்னால், ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, மதினியிடம், ஆள் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பார்கள். என் காது நன்றாகத்தான் இருந்தது.

நான் ஏன் பினாங்கைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், வெளியூர் நோயாளிகளையும் சேர்த்துக்கொள்ளும் டயாலிசிஸ் சென்டர் அங்கே இருந்தது. அவ்வளவுதான் காரணம். எங்களைப் போன்றவர்கள் ஊரைப் பார்த்து மெஷின் தேட முடியாது, மெஷினைப் பார்த்துத்தான் ஊர் தேட வேண்டும். நான் எழுதிக் கேட்ட முதல் இடத்திலிருந்து பதிலே வரவில்லை. இன்னொரு இடத்தில் காலி இல்லை என்றார்கள். பினாங்கில் மட்டும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும், இங்கே எனக்கு எப்படி டயாலிசிஸ் செய்கிறார்கள் என்ற விவரத்தையும் அனுப்பச் சொன்னார்கள்.

அந்த விவரத்தை எழுதிக் கையெழுத்துப் போட எங்கள் ஆஸ்பத்திரியின் சின்ன டாக்டருக்கு மனம் வரவில்லை. இன்று நாளை என்றார். ஒருநாள் நான் டயாலிசிஸ் முடிந்த களைப்போடு அவர் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். வெளிநாட்டில் ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் பெயர் கெடும் என்றார். இங்கே ஏதாவது ஆனால் கெடாதா என்று கேட்டேன். உள்ளே இருந்த மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் பெரிய டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். ஆனால் தனியாகப் போகக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அண்ணனைக் கேட்டேன். நடு ஆகாயத்தில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டார். எனக்கு ஆவதைப் பற்றி அல்ல, தான் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. மதினியால் வீட்டை விட்டு வர முடியாது. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது.

இதையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் பழநிப் பக்கம் பாலசமுத்திரத்துக்காரர். தென்னந்தோப்பு வீட்டு அம்மா. டயாலிசிஸுக்காகத் திண்டுக்கல்லில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். எனக்கு அவரைப் பிடிக்காது. மெஷின் ஓடத் தொடங்கியதும் வாயைத் திறந்தால் முடிகிற வரை மூட மாட்டார். எந்தக் கட்டிலில் யார் செத்தார்கள், அன்றைக்கு என்ன சாப்பிட்டிருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். அப்போதும் பேசுவார்.

"ஏனுங் கண்ணு, நா வரட்டுங்களா?" என்றார் ஒருநாள். "எம்பட கிட்ட பாஸ்போர்ட்டு இருக்குதுங்க. மக துபாயில இருந்தப்ப பிரசவம் பாக்கப் போனதுங்க."

நோயாளிக்கு நோயாளி துணையா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை. பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவருக்குப் போன் செய்யவாவது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, அந்த அம்மாவின் விவரத்தையும் எழுதிக் கொடுத்தார். மகளிடம் சொல்லிவிட்டீர்களா என்று நான் கேட்டதற்கு, சொல்லியாச்சு, அவளுக்கு ரொம்பச் சந்தோஷம் என்றார் அந்த அம்மா. நான் நம்பினேன்.

ஒரு டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலை திருச்சியில் விமானம் ஏறினோம். சோதனை செய்த பெண் போலீஸ் என் இடது கையைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும், மோட்டார் ஓடுவதுபோல. உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். என் ரத்தம்தான், வேண்டுமானால் இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவள் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டாள். டாக்டர் கடிதத்தைக் காட்டி மீண்டு வருவதற்குள், அந்த அம்மா எனக்கும் சேர்த்து அழுது முடித்திருந்தார்.

பினாங்கில் இறங்கியதற்கு மறுநாள் சென்டருக்குப் போனோம். அங்கே இருந்த நர்ஸ் தமிழ்க்காரப் பெண். அவளுடைய தமிழ் எங்கள் தமிழ் இல்லை. சொல்லுக்குச் சொல் "லா" போட்டாள். எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று என்னிடமே கேட்டுக் குத்தினாள். நாங்கள் ஏன் வந்திருக்கிறோம் என்று கேட்டாள். ஊர் சுற்ற என்றேன். நல்லதுலா என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை பேரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை கடலில் இறங்கினேன். ஊசி குத்திய கையில் தண்ணீர் படக் கூடாது என்பதால் இடது கையை மேலே தூக்கிக்கொண்டு, சேலை நனைய, இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். யாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டவில்லை. ஒரு சீனக் கிழவர் தன் பேத்திக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தார், நான் கையை ஆட்டுகிறேன் என்று நினைத்துத் தானும் ஆட்டினார். மத்தியானம் உப்பு கம்மியாகப் போடச் சொல்லி, பொரித்த மீன் சாப்பிட்டேன். அறைக்கு வந்து தூங்கினேன். வியாதி வந்த நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

நான் தூங்கிய நேரத்தில்தான் அந்த அம்மா கீழே போயிருக்கிறார்.

எழுந்து பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப் போகிறது, எழுந்திருக்க முடியவில்லை என்றார். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதாம். அவர் பேச்சு குறைந்திருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, கடற்கரையில் இளநீர் குடித்தேன் என்றார். ஒன்றா என்றேன். மூன்று விரலைக் காட்டினார்.

வண்டி பிடித்து அவரைச் சென்டருக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் திட்டினேன். டிரைவிங் ஸ்கூலில் யாரையும் அப்படித் திட்டியதில்லை. தெரிந்துதான் குடித்தீர்களா, செத்துப் போனால் உங்களை நான் எப்படி ஊர் கொண்டு போய்ச் சேர்ப்பேன், உங்கள் மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்றெல்லாம் கேட்டேன். கேட்கக் கேட்க, நடு ஆகாயத்தில் நான் என்ன செய்வேன் என்று அண்ணன் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன் என்று புரிந்தது. அது என் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

"தோப்பு முழுக்கக் காயா தொங்குதுங் கண்ணு," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "ஒண்ணத் தொட உடமாட்டேங்கறாங்க. வந்தவன் போனவனெல்லாம் எம்பட முன்னாலயே வெட்டிக் குடிக்கறான். இங்க வந்தா ஆரு பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"அதுக்குத்தான் வந்தீகளா?"

"ஆமாங்க," என்றார்.

கடல் பார்க்க வரவில்லை. என்னோடு பேச வரவில்லை. இளநீர் குடிக்க வந்திருக்கிறார்.

சென்டரில் அவரை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். இதயத் துடிப்பைப் பார்த்த நர்ஸ் யாருக்கோ போன் செய்தாள், ஊசி போட்டார்கள், மெஷினில் இணைத்தார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மாலை படகில் ஏறித் தீவைச் சுற்றிவரப் பணம் கட்டியிருந்தேன். படகு புறப்படும் நேரம் தாண்டியது. அந்த நேரத்தில் அண்ணன் போன் செய்தார். எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். அவர் குரலில் ஏதாவது ஆகியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. படகில் இருக்கிறேன், காற்று பலமாக இருக்கிறது, காது கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். மறுநாள் எதுவுமே நடக்காததுபோல, பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரரிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் என்னைப்போலவே கண்ணை மூடிக்கொண்டார். மிச்சமிருந்த நாட்களில் நான் தனியாகவே நடந்தேன். மலை ரயிலில் தனியாக ஏறினேன். அவரை அறையில் விட்டுப் போகும்போது, இளநீர்க்காரன் பக்கம் போகவிடாதீர்கள் என்று விடுதிக்காரப் பெண்ணிடம் சைகையில் விளக்கிவிட்டுப் போனேன். அவர் என்னை முறைத்தார்.

ஊர் திரும்பிய பிறகு முதல் டயாலிசிஸுக்குப் போனபோது அவர் மகள் வார்டில் காத்திருந்தாள். பினாங்கு சென்டரில் அவசர சிகிச்சை செய்த சீட்டை அம்மாவின் பையில் பார்த்திருக்கிறாள். அவளிடம் அந்த அம்மா சொல்லியிருந்தது வேறு கதை. ஆஸ்பத்திரியே டாக்டரோடு ஒரு கூட்டமாகப் பத்துமலைக்குக் கூட்டிப் போகிறது என்று சொல்லியிருக்கிறார். கோயில் என்றதும் அவளும் சரி என்றிருக்கிறாள்.

"எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போயி சாகடிக்கப் பாத்தீங்களே," என்றாள், எல்லார் முன்னாலும். "இந்த வயசுல அவங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதானே ஆசை காட்டுனீங்க?"

கையில் ஊசியோடு படுத்திருந்தேன். எழுந்து போகவும் முடியாது. அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து வாய் மூடாதவர் அன்றைக்கு மூடிக்கொண்டார். நான் எதையும் மறுக்கவில்லை. மறுத்தால் அந்தப் பெண் நம்ப மாட்டாள் என்று தெரிந்தது, ஒரு கிழவியைக் காட்டிக் கொடுத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவும் அருவருப்பாக இருந்தது. டெக்னீஷியன் வந்து அவளை வெளியே அனுப்பினார்.

அவள் போன பிறகு பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நெசத்தச் சொன்னா இன்னொருக்காப் போக உடமாட்டாளுங் கண்ணு."

"ஒங்களோட எவ இன்னொருக்காப் போவா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சில நாட்களில் மகள் அவரை மாலை நேரத்துக்கு மாற்றிவிட்டாள். இப்போது அந்தக் கட்டிலில் பேசாத ஒரு வாத்தியார் படுத்திருக்கிறார். நிம்மதியாக இருக்கிறது. கொழும்பில் இரண்டு சென்டர்களுக்கு எழுதியிருக்கிறேன், ஒன்றிலிருந்து பதில் வந்துவிட்டது. துணைக்கு யார் என்று பெரிய டாக்டர் கேட்கிறார். அண்ணனிடம் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கட்டும். வாத்தியாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நேற்றுக் கேட்டேன். அவர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார்.