போர் போடும் களம்

"சித்திரை, இரண்டாம் ஞாயிறு. காலையில் வெயில், பிற்பகலில் மழை. ஏரிக்கரைக் களத்தில் சைக்கிள் கூட்டம். நெல் பாதி நனைந்தது." சென்ற ஆண்டு நாட்குறிப்பில் அன்றைக்கு நான் எழுதியது இவ்வளவுதான். வழக்கமாக மழை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் எழுதுகிறவன். அன்று எழுதவில்லை. கோபத்தில் இருந்தேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன், ஆனால் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

உத்திரமேரூருக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் ஞாயிறுகளில் சென்னையிலிருந்து சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். தார்ச் சாலை அவர்களுக்கு ஆகாது. மண் பாதை, சரளைப் பாதை, ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் என்றுதான் ஓட்டுவார்கள். அதற்கென்று தடித்த டயர் போட்ட சைக்கிள், அதற்கென்று இறுக்கமான உடை, அதற்கென்று ஒரு பெயர்: கிராவல் ரைடு. எங்கள் பக்கம் கிராவல் என்றால் டிப்பர் லாரியில் வந்து இறங்கும் செம்மண். முதன்முதலில் அவர்களில் ஒருவர் டீக்கடையில் நின்று, "நாங்க கிராவலுக்கு வந்திருக்கோம்" என்று சொன்னபோது, கடைக்காரர் கண்ணாடி தம்ளரைக் கழுவியபடியே, "எத்தினி லோடு சார்? ஏரியில எடுக்க பர்மிட்டு கீதா?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

இவர்கள் தங்களுக்குள் ஒரு கைபேசி வரைபடம் வைத்திருக்கிறார்கள். யார் எந்தப் பாதையில் போனாலும் அதில் கோடாக விழும். கோட்டுக்கு ஒரு பெயரும் வர்ணனையும் எழுதுவார்கள். எங்கள் ஊரைச் சுற்றிய பாதைக்கு, "அலை அலையாய் எழுந்து தாழும் நாட்டுப்புறம்" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன், எழுந்து தாழ்ந்ததாக எதையும் பார்த்ததில்லை. இங்கே மேடு என்றால் ஏரிக்கரை, பள்ளம் என்றால் ஏரி. மலை பார்க்க வேண்டுமென்றால் பாலாற்றங்கரையில் பழையசீவரம் வரை போக வேண்டும். ஆனால் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் மிதித்து வந்தவனுக்கு ஒரு அலையாவது இல்லாவிட்டால் எப்படி? எழுதிக்கொள்கிறான்.

அலையோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதே கோட்டில், எங்கள் ஏரிக்கரைக் களத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, "பல்லவர் காலப் போர்க்களம்" என்று எழுதியிருந்தார்கள்.

எப்படி வந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அது பஞ்சாயத்து போட்ட சிமென்ட் களம். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் வைக்கோலைப் போர் போட்டு வைப்பார்கள். யாரோ ஒருவன் வண்டியை நிறுத்தி, இது என்ன இடம் என்று கேட்டிருப்பான். "போர் போடற களம்" என்று நம் ஆள் சொல்லியிருப்பார். வைக்கோலையே பார்த்திராதவனுக்குப் போர் என்றால் வாளும் யானையும்தானே. பல்லவனுக்கும் சாளுக்கியனுக்கும் சண்டை நடந்ததாகச் சொல்லப்படும் புள்ளலூர் காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. புலிகேசி வழி தவறி எங்கள் ஏரிக்கரைக்கு வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

அந்த ஞாயிறு களத்தில் ஒரு குத்தகைக்கார அம்மாவின் முறை. கணவனும் மனைவியும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தே பழகியவர்கள். அந்தப் போகத்தில்தான் துணிந்து கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். மெஷின் அறுத்த நெல் ஈரமாக இருக்கும். களத்தில் பரப்பிக் காயவைத்து மறுநாள் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், டோக்கன் வாங்கியாகிவிட்டது. அங்கே மீட்டரை வைத்து ஈரம் பார்ப்பார்கள், கையில் அள்ளிக் கல்லும் பதரும் பார்ப்பார்கள். இரண்டில் ஒன்று சரியில்லையென்றாலும் மூட்டை திரும்பிவிடும். திரும்பிய மூட்டை வியாபாரி சொல்கிற விலைக்குத்தான் போகும். அந்த அம்மா காலையிலிருந்து நெல்லைக் காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். கணவர் சாக்கு வாங்கிவர உத்திரமேரூர் போயிருந்தார்.

நான் டீக்கடையில் இருந்தேன். சைக்கிள் கூட்டம் வந்து நின்றது. முன்னால் நின்ற தலைவர், "அண்ணா, போர்க்களம் எந்தப் பக்கம்?" என்றார்.

கடைக்காரர் கையை நீட்டினார். "நேரா போ நைனா. பெரிய போரா ஒண்ணு கீது பாரு, அதாண்ட."

அத்தனை பேரும் சிலிர்த்துப்போய்க் கிளம்பினார்கள். எனக்கு விபரீதம் உறைத்து நடந்து போய்ச் சேர்வதற்குள் முதல் மூன்று சைக்கிள்கள் நெல்லின் மேல் ஏறிவிட்டிருந்தன. டயர் பள்ளங்களில் சிக்கியிருந்த சரளைக் கற்கள் நெல்லில் உதிர்ந்து கிடந்தன.

"யாருப்பா அது நெல்லு மேல வண்டி வுடறது? கண்ணு இன்னா முதுகுலயா கீது?" அம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

தலைவர் இறங்கினார், நெல்லின் மேலேயே. "சாரிக்கா. இது போர்க்களம்தானே?"

"ஆமா, போர் போடற களந்தான். அதுக்கு?"

"இங்கதான் பல்லவ ராஜா சண்டை போட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

"சண்டையா? அது தெனம் நடந்துகினுதான் கீது. களம் எனக்கு மொதல்ல, உனக்கு மொதல்லன்னு. ஒரு ராஜாவும் வந்து தீத்து வைக்கல. நீ மொதல்ல கீய எறங்கு."

தலைவர் நெல்லை விட்டு இறங்கினார். இறங்கியபின் சும்மா இருக்கவில்லை. "தான் நிக்கிற மண்ணோட பெருமை அந்த மண்ணுக்காரங்களுக்கே தெரியறதில்ல" என்று கைபேசியைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்தார். அவர் நின்றது மண் அல்ல, சிமென்ட் என்று நான் சொன்னேன். புள்ளலூர் எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"மேப்ல போட்டிருக்கே சார்" என்றார்.

"யார் போட்டது?"

"கம்யூனிட்டி."

கல்வெட்டையே நாலு பேர் நாலு விதமாகப் படிக்கிற நாட்டில் இவருக்கு ஒரு சிவப்புப் புள்ளி போதுமாக இருந்தது. நான் வாதத்தை நிறுத்திக்கொண்டேன்.

அம்மா நிறுத்தவில்லை. "நீ கொட்ன கல்ல நீயே பொறுக்கிட்டுப் போ. நாளிக்கி நெல்லு டிப்போவுல திருப்பி வுட்டா உங்க ராஜாவா வந்து கேப்பாரு?"

அவர்கள் பொறுக்க முயன்றார்கள் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காலணிகளின் அடியில் பெடலில் மாட்டுவதற்கு ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு குந்தி உட்கார முடியாது. குந்தப் போன ஒருவர் மல்லாந்து விழுந்தார். மற்றவர்கள் இடுப்பை வளைத்துக் கோழி கொத்துவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்தார்கள், அதையும் ஒருவர் படம் பிடித்தார். ஒரு பிடி கல்லோடு ஒரு பிடி நெல்லையும் எடுத்து வரப்பில் போட்டார்கள்.

அதற்குள் வானம் கறுத்துவிட்டது. சித்திரை மழை சொல்லிவிட்டு வராது. துளி விழுந்ததும் அம்மாவும் நானும், வயலிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களும் நெல்லைக் குவிக்கத் தொடங்கினோம். கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து நெல் தள்ளும் பலகையைப் பிடித்தாள். மற்றவர்கள் சைக்கிள்களைப் போர் ஓரமாக ஒதுக்கினார்கள். நாங்கள் தார்ப்பாயை இழுத்தபோது தலைவர் ஓடி வந்தார். உதவத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்த ஓரத்துல எங்க சைக்கிளுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குமா? எலக்ட்ரானிக் கியர், நனையக் கூடாது."

அம்மா தார்ப்பாயை விடாமலே நிமிர்ந்தாள். "நெல்லு நனைஞ்சா மொளச்சிடும் நைனா. உன் சைக்கிளு மொளைக்குமா?"

காலணி இல்லாத பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தலைவர் திரும்பிப் போய் சைக்கிளைப் போரோடு ஒட்டிச் சாய்த்தார்.

மழை நின்றதும் போய்விட்டார்கள். தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்து பாதி நெல் நனைந்திருந்தது. மறுநாள் டோக்கனுக்குப் போக முடியவில்லை. களத்தின் முறையும் அடுத்தவருக்குப் போய்விட்டதால், புருஷனும் பெண்டாட்டியும் தார்ச் சாலை ஓரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்தார்கள். புது டோக்கனில் போனபோது ஈரம் சரியாக இருந்தது. மூட்டைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன, இரண்டைத் தவிர. அந்த இரண்டில் கல் இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அம்மா சைக்கிள்காரர்களைத் திட்டுகிறாள். நானும் அன்று உடனே அப்படித்தான் எழுத நினைத்தேன். ஆனால் பஞ்சாயத்துக் களம் ஒரு மூலையில் பெயர்ந்து ஜல்லி தெரிகிறது. நெல் கிடந்த சாலை ஓரமும் சுத்தமானது அல்ல. டயரில் வந்தது செம்மண் சரளை, களத்தில் பெயர்வது கருங்கல் ஜல்லி, பார்த்தாலே தெரிந்துவிடும். கல்லைப் பார்க்க நான் போவதற்குள் இரண்டு மூட்டையையும் சலித்து வியாபாரிக்குப் போட்டுவிட்டார்கள். சலித்த கல்லை எங்கே கொட்டினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. ஆகவே அந்த இரண்டு மூட்டையைத் திருப்பியது எந்தக் கல் என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.